கடாரத்துக்குக் கப்பலை அனுப்பிவிடுங்கள்

நம் குழுவின் மாடரேட்டர்களுக்கும், எழுதுகிறவர்களுக்கும், ஒரு வரிகூட எழுதாமல் தினமும் வந்து வாசித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு குழுவிலிருந்து விலகுகிறேன். ஜிஎம் (கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர்) வேலை, மாடரேட்டர் வேலை, என் கதாபாத்திரங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போகிறேன். யாரோடும் சண்டை கிடையாது. களைத்துப் போய்விட்டேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்தால் போய்விடுகிற களைப்பு இல்லை என்று புரிந்துகொள்ளவே எனக்கு நாள் பிடித்தது.

உங்களில் சிலரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "ரெஸ்ட் எடுங்கக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்று மனசாரத்தான் சொன்னீர்கள். மறுநாள் காலை பல் துலக்கி முடிப்பதற்குள் "அக்கா, ஒரே ஒரு நிமிஷம்" என்று செய்தி வந்துவிடும். மாடரேட்டர் ராஜினாமா செய்யலாம், அக்கா செய்ய முடியாது போலிருக்கிறது. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். வேறு குழுக்களில் இதே வேலையை இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவும்.

நம்மைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சிலர் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் தொடங்கிய ரோல்பிளே ஆட்டம் இது; ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு சேர்ந்து கதை எழுதுவது. களம், சோழர் காலத்து நாகப்பட்டினம். ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பன் பெயரில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம், அதற்கு ராஜராஜன் விட்டுக்கொடுத்த ஆனைமங்கலம், ஐந்நூற்றுவர் வணிகக் குழு, சீனம் வரை போய்வரும் மரக்கலங்கள் எல்லாம் வரலாறு. அதற்கு நடுவே நாமாகக் கற்பனையில் கட்டிக்கொண்ட ஒரு கரையோரத் தெரு. ஒருவர் மரக்கலத் தலைவன், ஒருவர் சுங்கக் கணக்கர், ஒருவர் விகாரத்துப் பிக்கு, ஒருவர் முத்து வணிகரின் மகள். மரக்கலத் தலைவன் வந்திறங்கியதை அவரை வைத்திருப்பவர் ஒரு பத்தி எழுதினால், கணக்கர் என்ன கேட்டார் என்பதைக் கணக்கரை வைத்திருப்பவர் எழுதுவார். கதை அப்படியே நகரும். யாருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சுகிறதை எல்லாம் ஜிஎம் எழுத வேண்டும். மழை, புயல், படகோட்டி, அரசாணை, கள்ளுக்கடைக் கிழவி, கிழவியின் நாய். அந்த நாயும் நான்தான்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது ரோல்பிளே என்பது ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். ராத்திரி வெகுநேரம் ஆடினாலும் கடைசியில் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் மட் என்ற எழுத்து விளையாட்டை உருவாக்கினார்கள். ஆட்டம் கணினிக்குள் போனது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மேசை மறைந்தது, வீட்டுக்குக் கிளம்புகிற நேரமும் மறைந்தது. நம் குழுவில் இரவு ஒன்பதரைக்கு நான் சாப்பிட்டு முடிக்கும்போது சிங்கப்பூர்க்காரருக்கு நள்ளிரவு, டொரன்டோக்காரருக்குக் கோடைக்காலமென்றால் நண்பகல். சாப்பாட்டு இடைவேளையில் அவர் ஒரு பத்தி போடுவார். இடைவேளை முடிவதற்குள் புயல் அடித்ததா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் அங்கே அவர் அலுவலகத்துக்குத் திரும்பும்போது யாழ்ப்பாணத்தில் ஒருவர் தூங்குவதற்கு முன் எழுத உட்கார்ந்திருப்பார். அவருக்கும் புயல் வேண்டும்.

நம்மூர்க் கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலை இது. வேஷக்காரர்களை வரவேற்று, அவர்களிடம் கேள்வி கேட்டு, ஆள் இல்லாத சின்ன வேஷங்களையும் தானே கட்டி, கூட்டம் தூங்கினால் சிரிக்க வைத்து, ராத்திரி முழுக்க நிற்கிறவன் அவன். ஆனால் விடிந்தால் அவனும் அரிதாரத்தைக் கலைத்துவிடுவான். பாரதக் கூத்து எத்தனை இரவு நடந்தாலும் துரியோதனன் படுகளத்துக்கு வந்து சேர்ந்தே தீரும். ஊர் அதற்கு நாள் குறித்த பிறகுதான் காப்பே கட்டுகிறது. நாம் நாள் குறிக்காமல் காப்புக் கட்டிக்கொண்டோம். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான், மிச்சமெல்லாம் விளக்கம்.

விளக்கத்துக்கு வருகிறேன். எழுதுகிற வேலை என்னைக் களைக்க வைக்கவில்லை. கிழவியை எழுதுவது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். களைக்க வைத்தது எழுத்தைச் சுற்றி இருக்கிற வேலை. உதாரணத்துக்கு அந்தக் கரையோரச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கலத் தலைவன் "என் வாள் கணக்கரின் தோளில் இறங்கியது, அவர் மண்டியிட்டுக் கெஞ்சினார்" என்று எழுதினார். நம் விதிப்படி வாளை ஓங்குவது வரைதான் அவர் எழுதலாம். பட்டதா, விலகினாரா, கெஞ்சினாரா என்பதெல்லாம் கணக்கரை வைத்திருப்பவர் எழுத வேண்டியது. இது காட்மாடிங், அடுத்தவர் கதாபாத்திரத்தை நீங்களே ஆட்டிவைப்பது, நீக்குங்கள் என்றேன். உடனே எனக்கு ஒரு பக்கம் வாய்ஸ் நோட், இன்னொரு பக்கம் பழைய ஸ்கிரீன்ஷாட்கள். போன ஆவணியில் கணக்கர் மட்டும் கப்பலைக் கேட்காமல் பறிமுதல் செய்யவில்லையா? அப்போது நீங்கள் ஏன் பேசவில்லை? இருவரும் நல்லவர்கள், நேரில் பார்த்தால் தோளில் கைபோட்டுப் பேசுவார்கள். ஆனால் தன் கதாபாத்திரம் மண்டியிட்டதாக இன்னொருவர் எழுதினால் நிஜமாகவே வலிக்கிறது. அந்த வலியை நான் கேலி செய்யவே மாட்டேன். பல மாதம் ஒருவனுடைய குரலில் யோசித்த பிறகு, அவனுக்கு விழுகிற அடி கொஞ்சம் நமக்கும் படும். அன்று நான் தணிக்கை அலுவலகத்தில் இருந்தேன். செப்டம்பர் கெடு நெருங்குகிற நேரம், மேசையில் கோப்புகள் குவிந்திருந்தன. நானோ மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, கி.பி. 1024-இல் ஒரு தோளில் வாள் பட்டதா இல்லையா என்று பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தேன்.

இதைவிடக் கனமானதும் உண்டு. சோழர் காலத்தில் அடிமைகள் இருந்தார்கள். ராஜராஜன் கல்வெட்டிலேயே தீண்டாச்சேரி வருகிறது. அதை எழுதாமல் விட்டால் நம் நாகப்பட்டினம் வெறும் நாடக செட் ஆகிவிடும். ஆனால் "வரலாறு அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இன்றைக்கும் தெருவில் கேட்கிற வசவுகளைத் தன் கதாபாத்திரத்தின் வாயில் போட்டு அவிழ்த்துவிட்டால், படிக்கிற இன்னொருவருக்கு அது கதையாக இருக்காது. எது வரலாறு, எது சாக்கு என்று ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் தீர்மானிக்க வேண்டும். அந்த ஒருத்தருக்கு இரண்டு பக்கமும் திட்டு விழும். இதோடு ஒப்பிட்டால் மிளகாய்த் தகராறெல்லாம் எனக்கு விளையாட்டு. போர்ச்சுக்கீசியர் மிளகாயைக் கொண்டுவருவதற்கு ஐந்நூறு வருஷம் முன்னால் கள்ளுக்கடையில் மிளகாய் பஜ்ஜி கேட்ட தம்பியை நான் மன்னித்துவிட்டேன். கிழவி மன்னிக்கவில்லை.

அண்மையில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ஏஐ எழுதிக் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். வழவழவென்று மூன்று பத்தி இருக்கும், கதை ஒரு அங்குலம் நகர்ந்திருக்காது. அதற்குப் பதில் எழுதுகிறவருக்குத்தான் தலைவலி. யார் எழுதியது என்று கண்டுபிடிப்பதும் என் தலையில்.

சரி, மாடரேட்டரே இல்லாமல் இருந்தால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். அதை ஏற்கனவே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லாம்டாமூ என்ற எழுத்துலகை நடத்திவந்த பாவெல் கர்ட்டிஸ் 1992 கடைசியில், இனிமேல் ஆட்களுக்குள் வரும் சச்சரவுகளில் நிர்வாகிகள் தலையிட மாட்டார்கள் என்று அறிவித்தார். அடுத்த வருஷமே மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் ஒருவன் வந்தான். ஒரு நிரலை வைத்துக்கொண்டு, மற்றவர்களின் கதாபாத்திரங்கள் செய்யாத காரியங்களைச் செய்ததாக எல்லோர் முன்னாலும் எழுதிக் காட்டினான். அத்தனையும் பாலியல் வன்முறை. அது காட்மாடிங்கின் கடைசி எல்லை. என்ன தண்டனை, யார் கொடுப்பது என்று தெரியாமல் அந்த உலகமே அல்லாடியது. கர்ட்டிஸ் மனு, வாக்கெடுப்பு என்று முறை ஏற்படுத்தினார். 1996-இல் அதுவும் சரிப்பட்டு வரவில்லை, நிர்வாகிகள் மறுபடியும் தலையிடுவார்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆக, அந்த நாற்காலியைக் காலியாக விட முடியாது. அதில் எப்போதும் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பதுதான் என் பிரச்சினை.

"பிடிச்சுப் பண்றதுதானே, அதுல என்னக்கா களைப்பு" என்று ஒரு தம்பி கேட்டார். அவருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வகைக் களைப்பைப் பற்றி 1974-இல் கட்டுரை எழுதி எல்லோர் கவனத்துக்கும் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் அவர் கண்டது அது. பகலெல்லாம் தன் சொந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு ராத்திரியில் அந்த மையத்துக்கு வந்து உழைத்தவர் அவர். கூட இருந்தவர்களும் பெரும்பாலும் தொண்டர்கள். யாரும் வற்புறுத்தி வந்தவர்கள் இல்லை. ஈடுபாடு அதிகமாக இருந்தவர்கள்தான் சீக்கிரம் கருகினார்கள் என்பதுதான் அவர் எழுதியதன் சாரம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்ததும் அதே வருஷம். எனக்கு இதில் ஒரு கசப்பான வேடிக்கை தெரிகிறது.

ஆனால் 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட் என்ற இந்தக் களைப்பை விளக்கியபோது, இது வேலையிடம் சார்ந்தது, வாழ்க்கையின் மற்றப் பக்கங்களுக்கு இந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டது. அதன்படி பார்த்தால் எனக்கு வந்திருப்பதற்குப் பெயரே இல்லை. சம்பளம் வாங்காததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் களைப்பும் இல்லை! அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்துக்காக அரட்டை அறைகளைக் கட்டிமேய்த்த தொண்டர்கள் 1999-இல், நாங்கள் செய்ததும் வேலைதான், கூலி கொடு என்று வழக்கே போட்டார்கள். பல வருஷம் இழுத்து, கடைசியில் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சமரசமானது. பயப்படாதீர்கள், நான் வழக்குப் போடப் போவதில்லை. ஏஓஎல்லுக்கு லாபம் இருந்தது, நமக்கு மிளகாய் பஜ்ஜிகூட இல்லை. ஆனால் அது வேலை என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

களைப்பை அளக்க கிறிஸ்டினா மஸ்லாக் உருவாக்கிய அளவுகோலில் சோர்வு ஒரு பகுதிதான். ஆட்கள்மேல் பற்று விட்டுப்போவது இன்னொன்று, நாம் செய்ததற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று தோன்றுவது மற்றொன்று. இரண்டாவதுதான் எனக்கு மணி அடித்தது. யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருத்தி ஒரு பத்தி எழுதினாள். கடலுக்குப் போன மகன் திரும்பி வரவில்லை, ஆனாலும் தாய் தினமும் அவனுக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது பானையின் சூடு குறைவதைக் கையால் தொட்டுப் பார்க்கிறாள். நம் குழுவில் எழுதப்பட்ட மிகச் சிறந்த பத்தி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: ஐயோ, இதற்கு வேறு பதில் எழுத வேண்டுமே. நாலு வரியில் ஏதோ எழுதினேன். அந்தப் பத்திக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாசகி நான் இல்லை. நான் இருந்த இடத்தில் அலுத்துப்போன ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு முடிவெடுத்தேன்.

ஏன் ஹையாட்டஸ், அதாவது தற்காலிக விடுப்பு, போடவில்லை என்று கேட்பீர்கள். நம் துறைமுகத்தைச் சுற்றிப் பாருங்கள். விகாரத்தின் வாசலில் ஒரு பிக்கு கையில் பிட்சைப் பாத்திரத்தோடு மாதக்கணக்காக நிற்கிறார். அவரை வைத்திருந்தவர் "சின்ன பிரேக்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாண்டிப் போகவும் முடியவில்லை, சாகடிக்கவும் மனசில்லை. அவரைச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். கிடங்கில் ஒரு காதல் ஜோடி பாதி வாக்கியத்தில் நிற்கிறது. போகிறவர் போகிறேன் என்று சொன்னால்தான் இருப்பவர்கள் கதையை நகர்த்த முடியும். அதனால் நான் போகிறேன், திரும்பி வர மாட்டேன். கூப்பிட வேண்டாம். நலம் விசாரிக்கக் கூப்பிட்டால் பேசுவேன், புயல் கேட்டுக் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

அப்புறம் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. கேட்டால் கேளுங்கள், விட்டால் விடுங்கள்.

நம் நாகப்பட்டினத்தில் 1024-ஆம் ஆண்டு மார்கழி முடியவே மாட்டேன் என்கிறது. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. 1025 பிறந்தால் ராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜய மன்னனின் கடாரத்துக்குக் கிளம்பியாக வேண்டும். "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று அவனுடைய மெய்க்கீர்த்தியே சொல்கிறது. அதை நம்மால் மாற்ற முடியாது. கிளம்பினால் மரக்கலத் தலைவன் போருக்குப் போவான். அடிபடப் போகிறவனோ சூடாமணி விகாரத்தைக் கட்டிக்கொடுத்த அதே ஸ்ரீவிஜயம். பிக்கு யார் பக்கம்? இரண்டு கரையிலும் பாக்கி வைத்திருக்கும் வணிகர் யார் பக்கம்? கணக்கர் யாருக்குச் சுங்கம் எழுதுவார்? இத்தனை வருஷம் நாம் சேர்த்துவைத்த நட்பு, கடன், காதல் எல்லாவற்றுக்கும் பொருள் வருகிற இடம் அது. அங்கே போனால் ஆட்டம் முடிந்துவிடும் என்ற பயத்தில் இன்னொரு சந்தை, இன்னொரு திருவிழா, இன்னொரு திருட்டு என்று மார்கழியை நீட்டிக்கொண்டே இருந்தோம். முடிவில்லாத கதைக்கு முடிவில்லாமல் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்க மாட்டார்.

எனவே கப்பலை அனுப்புங்கள். தைக்குள் எல்லோரும் தங்கள் ஆட்களின் கணக்கை முடித்துக்கொள்ளட்டும். சாகிறவன் சாகட்டும், திரும்புகிறவன் திரும்பட்டும். அதற்கப்புறமும் ஆசை இருந்தால் புதிதாக ஓர் ஆட்டம் தொடங்குங்கள். 1090-இல் குலோத்துங்கன் காலத்திலும் அந்த விகாரத்துக்கு நிலங்கள் உறுதி செய்யப்பட்டதைச் சிறிய லெய்டன் செப்பேடு காட்டுகிறது. அதே தெரு, அறுபத்தைந்து வருஷம் கழித்து, பேரப்பிள்ளைகள். என்ன அழகான களம்! ஆனால் தொடங்கும்போதே முடிகிற மாதத்தைச் சொல்லிவிடுங்கள். புயலுக்கு ஒருவர், சண்டைக்கு ஒருவர், வரலாற்றுச் சந்தேகத்துக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர்களையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரவு பத்துக்கு மேல் வரும் எந்தத் தகராறுக்கும் மறுநாள் வரை பதில் கிடையாது என்று ஒரு விதி போடுங்கள். டொரன்டோக்காரர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

என் பக்கத்து வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். தெருவின் வரைபடம், கதாபாத்திரப் பட்டியல், மாத நாள்காட்டி, விதிமுறைகள் எல்லாம் ஒரே டிரைவ் கோப்புறையில் இருக்கின்றன. மாடரேட்டர்கள் எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுத்துவிட்டேன். படகோட்டியையும் அரசாணை கொண்டுவருபவனையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிட்சைப் பாத்திரத்தோடு நிற்கிற பிக்குவைத் தயவுசெய்து யாராவது உள்ளே அழைத்துப் போய் உட்கார வையுங்கள். அவரை வைத்திருந்தவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். கள்ளுக்கடைக் கிழவியை மட்டும் யாரும் எழுத வேண்டாம். கடையை விற்றுவிட்டுத் திருவாரூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயைத் தங்கை கேட்டிருக்கிறாள், கொடுத்துவிடுங்கள்.

நம் டிஸ்கார்ட் சர்வரின் (குழுத் தளத்தின்) உரிமையை யார் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று 25-ஆம் தேதிக்குள் பேசி முடிவு சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சுங்கக் கணக்கரை வைத்திருப்பவர் பெயருக்கு மாற்றிவிடுவேன். மரக்கலத் தலைவன் ஆட்சேபம் தெரிவிப்பார் என்று தெரியும். அதை அவர் கணக்கரிடமே தெரிவிக்கட்டும்.

அன்புடன்,
மாதக் கடைசி வரை உங்கள் ஜிஎம்